இருநூற்றுப் பதினேழுக்கு வழி

சுவர்க் கடிகாரம் ஏழு நிமிஷம் முந்தி ஓடுகிறது, காலண்டரில் போன மாதத்தை யாரும் கிழிக்கவில்லை, தண்ணீர் கேனோடு கட்டிப் போட்ட டம்ளரின் சங்கிலி குழாய் வரைக்கும் எட்டவே எட்டாது. வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷத்தில் மேகலா இத்தனையையும் கண்டுபிடித்துவிட்டாள், கண்டுபிடித்து என்ன, சொல்ல ஆள் இல்லை, பக்கத்து நாற்காலியில் ஞானசேகரன் பேப்பருக்குள் தலையை விட்டு அரை மணி ஆகிறது, இருபத்தேழு வருஷத்துக் கணவரிடம் டம்ளர் சங்கிலி குட்டை என்று சொன்னால் ம் என்பார், அந்த ஒரு ம்முக்காக வாயை எதற்கு வீணாக்குவது. திருச்சி புத்தூர் நாலு ரோட்டுக்கு உள்ளே தள்ளி இருந்த அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இன்றைக்கு அவளுக்குச் சர்க்கரை பார்க்கும் நாள். வெறும் வயிற்றில் ஒரு தடவை குத்தியாயிற்று. எதிர்க்கடையில் மூன்று இட்லி தின்றாயிற்று. தின்றதிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு குத்து. அதுவரை நடக்கக்கூடாது, காபி குடிக்கக்கூடாது, பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா உட்கார் என்று ஐம்பத்தோரு வயசுப் பொம்பளையிடம் சொல்வதைவிடப் பெரிய தண்டனையை எந்த டாக்டர் எழுதித் தர முடியும். கையில் சீட்டு, முப்பத்தெட்டு என்று பேனாவால் எழுதியது, எட்டின் மேல்வட்டம் மூடாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. காலையில் அதைக் கொடுக்கும்போது கவுண்ட்டர் பெண் என்னவோ கடகடவென்று ஒப்பித்தாள், மேகலா சரி சரி என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள், சீட்டு கொடுப்பதற்கு ஒரு சொற்பொழிவா. எட்டே முக்காலுக்குச் சாப்பிட்டது. பத்தே முக்காலுக்குக் குத்து. பதினோரு மணிக்குப் புத்தகம் சிவகாசிக்கு அச்சுக்குப் போகிறது. அந்தப் பதினோரு மணியை நினைத்ததும் இந்தப் பிளாஸ்டிக் நாற்காலி, இந்த டெட்டால் வாடை, முழங்கையில் ஒட்டிய பஞ்சு எல்லாம் கொஞ்சம் தள்ளிப் போய், நெஞ்சுக்குள் ஒரு சின்ன நாற்காலியில் யாரோ கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

புத்தகம் என்றால் கதைப் புத்தகமும் இல்லை, விளையாட்டும் இல்லை, இரண்டும் கூடிய ஜாதி. முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக வாசித்தால் ஒன்றும் விளங்காது. முந்நூற்று இருபது பத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், வாசிக்கிறவர்தான் கதாநாயகன். படகில் ஏறுகிறாயா, 64க்குப் போ. கரையிலேயே நிற்கிறாயா, 112க்குப் போ. பகடையை உருட்டு, நாலுக்கு மேல் விழுந்தால் பிழைத்தாய், இல்லாவிட்டால் செத்தாய், மறுபடி ஒன்றாம் பத்தியிலிருந்து தொடங்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் புத்தகக் கண்காட்சியில் ஞானசேகரன் பாய்லர் சம்பந்தமாக எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, கால் வலிக்கிறதே என்று ஒரு கடையில் ஒதுங்கியவள் கையில் சாகுல் எழுதிய முதல் புத்தகம் அகப்பட்டது. அன்றைக்கு மட்டும் பதினான்கு தடவை செத்தாள். இட்லிப் பானை மூடியைக் கவிழ்த்து வைத்து அதில் தாயக்கட்டத்துக்கு வாங்கிய பகடையை உருட்டினால் ஹாலிலிருந்து என்ன சத்தம் என்று குரல் வரும், சீரகம் கொட்டிடுச்சு என்பாள், வீட்டில் எத்தனை கிலோ சீரகம் கொட்டியிருக்கும் என்று அந்த மனுஷன் ஒரு நாளும் கேட்டதில்லை. செத்தால் திரும்ப முதலிலிருந்து, போன தடவை எங்கே ஏமாந்தோம் என்பது ஞாபகத்தில் இருக்கும்போதே முதலிலிருந்து, இப்படியொரு ஏற்பாட்டை வேறு யார் செய்து வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு இல்லை, பிள்ளை வளர்ப்பதற்கு இல்லை, ரத்தச் சர்க்கரைக்குக் கண்டிப்பாக இல்லை.

சாகுலை அவள் பார்த்ததில்லை. தஞ்சாவூரில் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன், மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று இந்த இரண்டாவது புத்தகத்தை எழுதி முடித்திருக்கிறான், பெயர் ‘பதினோராவது மதகு’. கொள்ளிடத்தில் வெள்ளம், கரை உடையப் போகிறது, கீழே பதினொரு ஊர்கள், மதகைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டியவன் நீ. ஒருத்தனே எழுதி ஒருத்தனே பார்த்தால் இந்த மாதிரிப் புத்தகத்தில் ஓட்டை இல்லாமல் இருக்காது, ஒரு எண் மாறினால் ஒரு பாதையே செத்துப்போகும் என்று, அச்சுக்குப் போகும் முன் முதல் புத்தகத்தின் ரசிகர்கள் நாற்பது பேருக்குக் கோப்பை அனுப்பி, ஆடிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டான். எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஷீட். எந்தப் பத்தி, என்ன பிழை, கண்டுபிடித்தது யார் என்று நாம் எழுத வேண்டும், சரி செய்ததும் அந்த வரிசைக்கு அவன் பச்சை அடிப்பான். எழுபத்தோரு பிழை. அதில் இருபத்தொன்பது மேகலாவுடையது. எண்பத்தைந்தில் எரிந்துபோன கயிறு எண்பத்தெட்டில் இடுப்பில் தொங்கியதைப் பிடித்தது அவள். கண் தெரியாத பெரியவர் கடிதத்தை வாசித்துக் காட்டியதைப் பிடித்தது அவள். நூற்று நாற்பதாம் பத்தியிலிருந்து நூற்று நாற்பதுக்கே போ என்று இருந்ததற்கு, ‘இதைப் படித்தவர் இன்னும் அங்கேயே இருக்கிறார், சாப்பாடு அனுப்பவும்’ என்று எழுதியதற்கு எத்தனை பேர் சிரித்தார்கள். ஆனால் எல்லாவற்றிலும் பெரியது இருநூற்றுப் பதினேழு. நாலு நாள் உட்கார்ந்து, பழைய காலண்டர் தாள்களின் முதுகில் முந்நூற்று இருபது கட்டம் போட்டு, எந்தப் பத்திக்கு எங்கெங்கிருந்து வரலாம் என்று ஒவ்வொன்றாக எழுதி நிரப்பினால், எல்லாம் நிரம்பி ஒரே ஒரு கட்டம் மட்டும் மொட்டையாக நின்றது. புத்தகத்தில் எங்குமே 217க்குப் போ என்று இல்லை. பத்தியைப் படித்தால் கதவு திறக்கிறது, தண்ணீர் வடிகிறது, ஊர்களில் விளக்கு எரிகிறது, ஒரே உருக்கம். சரிதான், சந்தோஷ முடிவாக எழுதிவிட்டு மனசு மாறிச் சோக முடிவு வைத்திருக்கிறான், பழசை எடுக்க மறந்துவிட்டான். எழுதினாள்: ‘இந்தப் பத்திக்கு வர ஒரு வழியும் இல்லை. வீட்டைக் கட்டிவிட்டு வாசல் வைக்க மறந்த கொத்தனார் வேலை. நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு படம் போடவும்.’ இருபத்து மூன்று சிரிப்பு முகங்கள். இரண்டு நாள் கழித்து வரிசை பச்சையானது. நீக்கப்பட்டது, நன்றி அக்கா.

சிரிக்காமல் பதில் எழுதியவர் ஒருத்தர்தான், லால்குடி தனபால். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது இருக்கும், ஒற்றை விரலால் தட்டுவார் போலிருக்கிறது, ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு முற்றுப்புள்ளி, வண்டி ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று வருகிற மாதிரி. ‘பொறுங்கள். அம்மா. இன்னொரு. முறை. ஆடிப். பாருங்கள்.’ அவ்வளவுதான் எழுதினார். என்ன காரணம் என்று சொன்னாரா, இல்லை. இவள் விடுவாளா. ‘ஐயா, உங்கள் கூட்ஸ் வண்டி வந்து சேர்வதற்குள் சிவகாசியில் பைண்டிங்கே முடிந்துவிடும்.’ மறுபடி சிரிப்பு முகங்கள், மழை மாதிரி. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் எழுதவில்லை. முப்பத்தைந்து வருஷம் வண்டியின் கடைசிப் பெட்டியில் நின்று பின்பக்கமே பார்த்துக்கொண்டு போனவருக்கு முன்னால் நடப்பது என்ன தெரியும் என்று அன்றைக்கு நினைத்தாள், எழுதவில்லை, எழுதாத அந்த ஒரு வாக்கியத்துக்காகத் தன்னை ரொம்ப நல்லவள் என்றும் நினைத்துக்கொண்டாள். எதிரே ஒரு அம்மாள் கால் செருப்பைக் கழற்றிப் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேகலா வேறு பக்கம் திரும்பினாள். அம்மாவுக்கு இடது கால் பெருவிரலில்தான் தொடங்கியது, ஒரு சின்ன கொப்புளம், மஞ்சளைக் குழைத்து அப்பிக்கொண்டு ஒண்ணுமில்லடி ஒண்ணுமில்லடி என்று நாலு மாதம் ஓட்டினாள், பிறகு ஆஸ்பத்திரியில் போர்வைக்கு அடியில் அந்தக் கால் மட்டும் குட்டையாகத் தெரிந்தது. தப்பை மறைத்தால் அது மறைந்த இடத்தில் வளர்கிறது. இட்லி மூன்று தின்றிருக்க வேண்டாம். ரெண்டு போதும் என்று சொன்னவரிடம் உங்க வயித்தைப் பாத்துக்குங்க என்று சொல்லியிருக்க வேண்டாம். மூன்றாவது இட்லி இப்போது ரத்தத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும், அதை யாரும் திருத்த முடியாது, அதற்கு ஷீட் கிடையாது.

கவுண்ட்டர் பெண் அப்போது நூத்தி அஞ்சு, நூத்தி அஞ்சு என்று கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. நாற்காலி வரிசையில் ஒவ்வொருவரும் தன் சீட்டைப் பார்த்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்கள். நூத்தி அஞ்சு இல்லையா என்றாள் மறுபடியும், எரிச்சலோடு. மேகலாவுக்குப் பொறுக்கவில்லை, காலையிலிருந்து வந்தவர்களே அறுபது பேர்தான் இருப்பார்கள், நூற்றைந்துக்கு எங்கே போவாள் இவள், அடிப்படைக் கணக்குத் தெரியாதவர்களை எல்லாம் கவுண்ட்டரில் உட்கார வைத்தால் இப்படித்தான். "நூத்தி அஞ்சுன்னு யாருக்குமே நீங்க சீட்டு குடுக்கலையேம்மா," என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "குடுக்காத நம்பரைக் கூப்பிட்டா யாரு வருவாங்க?" அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சீட்டு குடுக்கறதில்லம்மா. சாப்பிட்டுட்டு ரெண்டாவது தடவைக்கு வர்றவங்க கையில இருக்கிற நம்பரோட நூறு சேத்துக்கணும். காலைல ஒவ்வொருத்தருக்கும் சொல்லித்தானே குடுத்தேன்." அஞ்சாம் நம்பர் சீட்டு வைத்திருந்த பெரியவர் அட நான்தானா என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். மேகலாவும் சிரித்துவைத்தாள். அப்படியானால் தான் நூற்று முப்பத்தெட்டு. யாருக்கும் கொடுக்காத எண், எங்கும் எழுதி வைக்காத எண், கையில் இருப்பதோடு சேர்த்துக்கொண்டால்தான் வரும். சேர்த்துக்கொண்டால்தான். சிரிப்பு உதட்டில் இருக்கும்போதே, காலண்டர் தாளில் மொட்டையாக நின்ற அந்த ஒரு கட்டம் ஞாபகத்துக்கு வந்தது.

பன்னிரண்டாம் பத்தி. மதகுக் காவலாளியின் மனைவி. கஞ்சி ஊற்றிக்கொண்டே வளவளவென்று பேசுவாள், மழை, மாடு, புருஷனின் இருமல், அதற்கு நடுவில், கதவு முன்னாடி திகைச்சு நின்னா, நிக்கிற எடத்தையும் கையில இருக்கிறதையும் சேத்துப் பாரு தம்பி. கிராமத்துத் தத்துவம் என்று தாண்டிப் போய்விட்டாள் மேகலா, தாண்டிப் போனதோடு நின்றாளா, ‘இந்தப் பெண்மணி தேவைக்கு மேல் பேசுகிறார், குறைக்கலாம்’ என்று ஷீட்டில் எழுதினாள், அடுப்படியில் நிற்கிற ஒருத்தி பேசுவதை அடுப்படியில் நின்றுகொண்டே குறைக்கச் சொன்னாள். ஐம்பத்தொன்பதாம் பத்தியில் ஒரு வெண்கல வில்லை கிடைக்கும், அதில் 46 என்று பொறித்திருக்கும், சும்மா அலங்காரத்துக்கு என்று நினைத்தாள். நூற்றெழுபத்தொன்றில் பதினோராவது மதகின் கதவு. வட்டமான துளை. உன்னிடம் பொருத்தமானது எதுவும் இல்லையென்றால் 90க்குப் போ. இல்லையென்றால். இருந்தால் என்ன செய்வது என்று சொல்லவே இல்லை, அதுவும் ஒரு ஓட்டை என்றுதான் அவள் நினைத்தாள், ஒரே ஒரு எண் அச்சாகியிருக்கிறதே என்று ஒவ்வொரு தடவையும் அந்தத் தொண்ணூறுக்கே போய், படகில் ஏறி, தப்பித்து, பின்னால் பதினொரு ஊர்களின் விளக்கு ஒவ்வொன்றாக அணைவதைப் பார்த்தாள், முதல் தடவை அழக்கூடச் செய்தாள், வெங்காயம் என்று சொல்லிக்கொண்டாள். நிற்கிற இடம் நூற்றெழுபத்தொன்று. கையில் இருப்பது நாற்பத்தாறு. விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை, ஆனாலும் எண்ணினாள், சீட்டின் முதுகில் நகத்தால் கீறிக் கூட்டினாள். இருநூற்றுப் பதினேழு. வாசல் இல்லாத வீடு இல்லை அது. வாசலை வாசிக்கிறவன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறான். புத்தகத்தை வெல்ல அது ஒன்றுதான் வழி, அதைத்தான் இவள் இடிக்கச் சொன்னாள், இடித்துவிட்டு நன்றி அக்கா என்று பச்சை அடித்துவிட்டான்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பத்தைந்து, ஏழு நிமிஷம் கழித்துக்கொள். ஒரு மணி நேரம். ஆயிரம் பிரதி. ஆயிரம் பேர் வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவு முன்னால் நிற்பார்கள், நூறில் ஒருத்தர் புத்திசாலி, கூட்டிப் பார்த்து ஆசையோடு இருநூற்றுப் பதினேழைப் புரட்டுவார், அங்கே ஒரு படம் இருக்கும், வாத்தோ படகோ. அந்த ஊர்களில் ஒருத்தரும் எந்தக் காலத்திலும் பிழைக்க மாட்டார்கள். அதுதான் கதை போலிருக்கிறது என்று எல்லாரும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். யாருக்குத் தெரியப்போகிறது. யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் எவ்வளவு மெத்தென்று வந்து உட்கார்கிறது. சாகுலுக்குத் தெரியாதா, அவன்தானே எழுதினான், எழுதினவனுக்குத் தெரிந்தும் ஏன் நீக்கினான், ஏன் அக்கா அது ரகசிய வழி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வான். ஷீட்டை நாற்பது பேர் பார்க்கிறார்கள், பாதிப் பேர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், சொன்ன நிமிஷம் ரகசியம் போயிற்று. பொறுங்கள் அம்மா, இன்னொரு முறை ஆடிப் பாருங்கள். கடவுளே, அந்த மனுஷர் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டு வந்து நின்று, திறந்த விதத்தைச் சொல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு அவ்வளவு மட்டும் சொல்லியிருக்கிறார், இவள் அவரைக் கூட்ஸ் வண்டி என்றாள். இது முதல் தடவையும் இல்லை, அவள் படித்த எட்டாம் வகுப்பு பி பிரிவில் ரெஜிஸ்டர் நனைந்துபோய், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று சிஸ்டர் அலோஷியா கிளாஸ் லீடர் மேகலாவிடம் பெயர்ப் பட்டியலைப் புதிதாக எழுதக் கொடுத்தார். இருபத்து மூன்றாம் எண் ஆக்னஸ், ஜூன் மாதத்திலிருந்து ஆளைக் காணோம், தினமும் அந்த எண்ணுக்குப் பதில் வராது, பதில் வராத பெயர் எதற்கு என்று விட்டுவிட்டு அடுத்தவளுக்கு அந்த எண்ணைப் போட்டாள், பட்டியல் கனகச்சிதம், வெரி நீட் மேகலா. காலாண்டு விடுமுறை முடிந்து டைபாய்டில் முடியெல்லாம் கொட்டி ஆக்னஸ் வந்து நின்றாள். ட்வெண்ட்டி த்ரீ என்று சிஸ்டர் கூப்பிட்டதும் அவள் வாயைத் திறந்தாள், அதற்குள் காஞ்சனா பிரசென்ட் சிஸ்டர் என்றாள். அந்தத் திறந்த வாய் மூடாமல் அப்படியே இருந்தது, இந்தச் சீட்டில் இருக்கிற எட்டு மாதிரி. கடைசியில் ஐம்பத்திரண்டு என்று சேர்த்துக்கொண்டார்கள், வருஷம் முழுக்க ஆக்னஸ் கடைசி. விட்டுவிட்டது நான்தான் சிஸ்டர் என்று மேகலா சொல்லவில்லை. ஸ்டாண்ட் அப் அண்ட் ஸே இட் என்று பேனா மூடியைத் தொலைத்தவளை எல்லாம் எழுப்பி நிறுத்துகிற சிஸ்டர், அன்றைக்கு யாரையும் எழுப்பவில்லை.

சாகுலுக்குத் தனியாகத் தகவல் அனுப்பிவிடலாம். அனுப்பினாள்கூட, இல்லை, அனுப்பப் போனாள், காலையில் அவன் ரசிகர் குழுவில் போட்டிருந்தது கண்ணில் பட்டது: போனை அணைத்துவிட்டு லேஅவுட் போடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், பதினோரு மணி வரை ஷீட்டில் வருவதை மட்டும்தான் பார்ப்பேன். அப்படியானால் ஷீட்டில்தான். நாற்பது பேருக்கு முன்னால்தான். அதிலும் காரணம் சொல்ல முடியாது, அதுதான் கொடுமை, நான் ஏன் ஏமாந்தேன் தெரியுமா என்று நாலு வரி எழுத முடிந்தால் அசடு வழிந்ததில்கூடக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டிவிடலாம், இங்கே வெறும் தப்பு, வெறும் நான். வேறொரு பெயரில் போட்டால். ‘217ஐ மீண்டும் பரிசீலிக்கலாம்’ என்று அரசாங்க அறிக்கை மாதிரி, தப்பு யாருடையது என்று தெரியாமல் போட்டால். அதைப் பார்த்துவிட்டு அவன் மேகலா அக்கா நீக்கச் சொன்னதாயிற்றே என்று தயங்கினால். தயங்குவான், ஐந்து நிமிஷம் யோசிப்பான், அதற்குள் கோப்பு போய்விடும். பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. ஞானசேகரன் பெல் தொழிற்சாலையில் பாய்லர் குழாய் வெல்டிங்கைச் சோதித்துத் தள்ளுகிற வேலை பார்க்கிறவர், வீட்டில் ம் என்று சொன்னாலும் அங்கே அவர் கையெழுத்தில்லாமல் ஒரு குழாய் வெளியே போகாது. அவரிடம் போய் இதைக் கேட்போம் என்று அவள் நினைக்கவே இல்லை, வாய்தான் கேட்டுவிட்டது. "ஏங்க, நீங்க ஒரு வெல்டைத் தப்புன்னு தள்ளிட்டு, அப்புறம் அது சரியான வெல்டுன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"ரிப்போர்ட்டை வரவழைச்சு, நான் எழுதினதை அடிச்சுட்டு, பக்கத்துல என் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவேன்," என்றார், பேப்பரை இறக்காமலே.

"கூட இருக்கிறவங்க எல்லாம் பாப்பாங்களே. அசிங்கமா இருக்காது?"

"இருக்கும்." பேப்பரின் மடிப்பை நீவினார். "சாயங்காலம் வரைக்கும் இருக்கும்." பிறகு அவளைப் பார்த்தார். "ஏன், சீரகம் ஏதும் கொட்டிடுச்சா?"

இந்த மனுஷன். மேகலாவுக்கு முகம் சூடாகிவிட்டது, தெரியுமா, எத்தனை நாளாகத் தெரியும், தெரிந்துகொண்டே ம் என்று சொல்லிக்கொண்டிருந்தாரா, அதெல்லாம் அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம், இப்போது மணி பத்தே கால். போனைத் திறந்து ஷீட்டின் அடிக்குப் போனாள். எழுபத்திரண்டாவது வரிசை. எந்தப் பத்தி: 217. என்ன பிழை என்ற கட்டத்தில் முதலில், சிறு குழப்பம் காரணமாக என்று எழுதினாள், குழப்பம் யாருக்கு, அழித்தாள். பட்டியல் முறையில் ஏற்பட்ட இடைவெளி என்று எழுதினாள், பட்டியலா நீக்கச் சொன்னது, அழித்தாள். இங்கிலீஷில் எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்குமோ என்று ஓவர்சைட் வரைக்கும் போய், கான்வென்ட் புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டு அழித்தாள். கடைசியில், ‘இந்தப் பத்தியை நீக்கச் சொன்னது பிழை. இது இருந்தே ஆக வேண்டும். காரணம் கேட்காதீர்கள்’ என்று எழுதினாள். கண்டுபிடித்தது யார்: மேகலா. அதோடு விட்டிருக்கலாம், ஷீட்டில் இருந்ததே மூன்று கட்டம்தான், பிழை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் விரல் நின்றது. ஸ்டாண்ட் அப். பிழை செய்தது: மேகலா. தனபால் ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், வண்டி சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறது, நான்தான் ஸ்டேஷனில் இல்லை. போட்டுவிட்டுப் போனை மடியில் கவிழ்த்தாள். நாக்கு வறண்டிருந்தது, தண்ணீர் குடிக்கலாமா கூடாதா என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, டம்ளர் எட்டாது வேறு.

நிமிர்த்திப் பார்த்தபோது பத்து இருபத்தி நாலு. இரண்டு சிரிப்பு முகம். ஒருத்தன், அக்காவே மாட்டிக்கிட்டாங்களா, இன்னைக்கு மழைதான் என்றிருந்தான். இன்னொருத்தி, ஏன்க்கா இருக்கணும், வழியே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க என்று கேட்டிருந்தாள். பதில் நாக்கு நுனியில் துடித்தது, நாலே சொல்லில் அவளை மடக்கிவிடலாம், நிற்கிற இடத்தையும் கையில் இருப்பதையும் என்று தொடங்கினால் போதும், ஆயுசில் முதல் தடவையாக மேகலா தெரிந்த பதிலை விழுங்கினாள், மாத்திரை மாதிரி தொண்டையில் நின்று நின்று இறங்கியது. தனபால் இதை எத்தனை நாள் விழுங்கியிருப்பார். சாகுலிடமிருந்து ஒன்றும் இல்லை. பத்து இருபத்தெட்டு. கோப்பை முன்கூட்டியே அனுப்பிவிட்டார்களோ, சிவகாசிக்காரர்கள் அவசரப்படுத்தியிருப்பார்களோ, ஷீட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பானோ, நீக்கின பத்தியை அவன் வைத்திருக்கிறானோ இல்லையோ, அவளிடம் பழைய கோப்பு இருக்கிறது, வேண்டுமானால் பார்த்துப் பார்த்துத் தட்டி அனுப்பலாம், அரைப்பக்கம்தானே. போர்வைக்கு அடியில் அந்தக் குட்டைக் கால். ஒண்ணுமில்லடி. முப்பத்தொன்று. திடீரென்று மேலே, ரொம்ப மேலே, பழைய வரிசையில் பச்சை போய் வெள்ளையானது. கீழே எழுபத்திரண்டில் எழுத்துகள் வந்து விழத் தொடங்கின. ‘அக்கா, மன்னிக்கணும். 217 அங்கேயேதான் இருக்கு. நீக்கிட்டேன்னு பச்சை அடிச்சது பொய். எடுக்க மனசு வரலை. உங்ககிட்ட முடியாதுன்னு சொல்றதுக்கும் பயமா இருந்துச்சு.’

படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். திருட்டுப் பயல் என்று மனசு சொன்னது, அதே மூச்சில் மகராசன் என்றும் சொன்னது. அங்கேயேதான் இருக்கு. காலையிலிருந்து, ஏன், பத்து நாளாக, இவள் இடித்துவிட்டேன் என்று மார் தட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது, கதவும் விளக்கும் பதினொரு ஊரும். தோளிலிருந்து யாரோ அரிசி மூட்டையை இறக்கின மாதிரி உடம்பு நாற்காலியில் சாய்ந்தது. பயமா இருந்துச்சு என்ற இடம் மட்டும் கொஞ்சம் குத்திற்று, இருக்கட்டும், சாயங்காலம் வரைக்கும் குத்தும். போன் மறுபடி நடுங்கியது. லால்குடி. ஒற்றை விரல், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன். ‘வந்துவிட்டீர்களா. அம்மா. வாங்க. உள்ளே. நாம். மூணு. பேர்தான்.’ எழுதினவன், அவர், இப்போது தான். மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கரித்தது, வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள இங்கே வெங்காயம் இல்லை. அந்த முற்றுப்புள்ளிகளில் ஒன்றைக்கூடத் திருத்தத் தோன்றவில்லை. ஞானசேகரன் பேப்பரை மடித்து அவளைப் பார்த்தார், என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவாள், கஞ்சி ஊற்றுகிறவளிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள், சொல்லக்கூடாது, அவரையும் ஒன்றாம் பத்தியிலிருந்து ஆட வைக்க வேண்டும், எத்தனை தடவை சாகிறார் என்று பார்க்க வேண்டும்.

நூத்தி முப்பத்தெட்டு என்று கவுண்ட்டர் பெண் கூப்பிட்டாள். புதிதாக வந்து உட்கார்ந்திருந்தவர்கள் சீட்டைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், அப்படியொரு எண் யாரிடமும் இல்லை. நூத்தி முப்பத்தெட்டு இல்லையா. மேகலா எழுந்தாள். பிரசென்ட் சிஸ்டர் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டதைப் பிடித்து நிறுத்தி, "இதோ, நான்தான்," என்று கையை நீட்டிக்கொண்டு போனாள்.